வந்தவங்க எடம்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் மேடம்’. பெரிய டாக்டர் முதல் வாசலில் டோக்கன் கொடுக்கிறவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு மேடம் என்றுதான் வாயில் வருகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. நான் சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பதிந்து அச்சடித்துத் தரும் சாஃப்ட்வேர் எங்களுடையது. ஊர் ஊராகப் போய் அதை மெஷினில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. சின்னசேலம் வழியாக வந்த பஸ்ஸில் இறங்கி, லேப்டாப் பையோடு முதல்முறை அவர் அறைக்குள் போனபோது எனக்கு அது இன்னொரு ஊர், இன்னொரு மெஷின், அவ்வளவுதான்.

முன்பு எக்ஸ்ரே படம் கழுவிய இருட்டறையைத்தான் சர்வர் அறையாக மாற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மேடம் சுவரில் முதுகைச் சாய்த்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, ஒல்லியான உடம்பு, கழுத்தில் மஞ்சள் கயிறு. நான் நீட்டிய பென் டிரைவை அவர் வாங்கவில்லை.

“இன்ஸ்டால் பண்ற ஸ்கிரிப்ட்ட மொதல்ல காட்டுங்க சார்.”

எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளைகள் அவை; அதுவரை யாரும் அவற்றை என்னிடம் கேட்டதில்லை. காட்டினேன். பேனா மூடியைத் திரைமேல் நகர்த்திக்கொண்டே வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில் மூடி நின்றது.

“சார், இது ஒங்க வூடா?”

“என்ன மேடம்?”

“யுஎஸ்ஆர்ல கொண்டாந்து இத்தினி ஃபைலக் கொட்டறீங்களே, அதான் கேட்டன். இது லினக்ஸ்காரன் வூடு. நீங்க வந்தவங்க. வந்தவங்க கூடத்துல ஒக்காரணும். நேரா சமையக்கட்டுக்குப் போயி, எங்க சக்கர டப்பாவுல ஒங்க சக்கரயக் கொட்டனா, நாளைக்கி யாரு சார் பிரிக்கிறது?”

கணினி அதிகம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் போல யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. /usr என்பது இயங்குதளத்தின் சொந்தச் சாமான்கள் இருக்கும் இடம். அங்கே இருப்பதை அது தானே மாற்றும், தானே அழிக்கும். அதற்குள்ளேயே /usr/local என்று ஒரு மூலை, மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் தன் கைப்பட ஏற்றுகிறவற்றுக்கு. எங்களைப் போன்ற வெளிக் கம்பெனிகளுக்கு ஒதுக்கியது /opt. ஆப்ட் என்று சொல்வோம். அதில் கம்பெனி பெயருக்கு ஒரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அந்த ஒரு ஃபோல்டரை எடுத்துவிட்டால் போதும். முறை இதுதான். ஆனால் எங்கள் ஸ்கிரிப்டை எழுதியவர், எங்கே போட்டால் உடனே ஓடுமோ அங்கே போட்டிருந்தார். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்வார்கள்.

“அப்ப லோக்கல்லயாவது போட்டுடட்டுமா மேடம்?”

“அது என்னுது. நான் எழுதன சின்னச் சின்ன ஸ்கிரிப்டு அதுல இருக்குது. என் துணியோட ஒங்க துணி எதுக்கு?”

சேலத்துக்குப் போன் போட்டேன். எங்கள் மேனேஜர் கத்துவது அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. “எங்க போட்டா என்னப்பா, ஓடுச்சுன்னா சரி! பில்லுல கையெழுத்து வாங்கிட்டு வா.”

மேடம் நிமிராமல் சொன்னார். “ஓடறத வுடச் சொல்லுங்க. போவும்போது எப்படி போவும்னு கேளுங்க.”

அன்று சாயங்காலம்வரை ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினேன். எங்கள் கோப்புகள் எல்லாம் ஆப்டுக்குள் போயின. அவை இருக்கும் வழி மெஷினுக்குத் தெரிவதற்காக ஒரே ஓர் இணைப்பு மட்டும் வெளியே வைக்க அனுமதித்தார், அதையும் தன் கையாலேயே போட்டார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஓர் இடத்தில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி போகவேண்டி வந்தது. அந்த அறையின் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அடித்து வைத்திருந்தார். வெளியாட்கள் எதை மறந்துவிட்டுப் போனாலும் துணிப்பையில் போட்டு, பெயர் எழுதிக் கொக்கியில் மாட்டிவிடுவார். ஏசி மெக்கானிக்கின் ஸ்பேனர், மருந்துக் கம்பெனிக்காரர் விட்டுப்போன குடை, என் சார்ஜர். எதையும் தூக்கி எறிய மாட்டார். எதையும் எடுத்துப் பயன்படுத்தவும் மாட்டார். ஒருநாள் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் ஓடவில்லை. ஜன்னல் இல்லாத அறை, கண்ணெதிரே கொக்கியில் யாரோ விட்டுப்போன டார்ச் லைட் தொங்குகிறது. மேடம் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போய், ஆபீஸில் சொல்லி மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வந்தார்.

“அந்த டார்ச்ச எடுத்திருக்கலாமே மேடம்?”

“அது அவருது சார்” என்றார், நான் ஏதோ திருடச் சொன்னதுபோல.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நர்ஸுகள் வேண்டுமென்றே தங்கள் பொட்டுச் சாந்தை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், அது பையில் ஏறுகிறதா என்று பார்க்க. ஏறும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதனால் நானும் இதை ஒரு விளையாட்டான குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமைவரை.

அன்று சர்வரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். மாற்றியபின் எங்கள் சாஃப்ட்வேர் ஓடுகிறதா என்று பார்க்க நானும் போயிருந்தேன். எங்களுடையது தன் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருந்தது, தொட்டதும் ஓடியது. ஓடாதது எக்ஸ்ரே. திருவிழாவுக்கு மேடம் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் எக்ஸ்ரே கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, இயங்குதளத்தின் சில கோப்புகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புதிய பதிப்பு வந்து எல்லாவற்றையும் தன்னுடையதாக மாற்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடை எலும்பு முறிவு. டாக்டர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

“படம் வருமா, வராதாம்மா?”

“வராது சார். இப்பத்திக்கு வராது.”

டாக்டர் முகம் கறுத்தது. காயத்துக்குக் கட்டுப் போட்டு, வலிக்கு ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அந்த ஆள் போகும்போது போட்ட சத்தம் உள்ளே கேட்டது.

மேடம் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். பழைய பதிப்பின் நகலைத் திறந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்.

“எது அவங்களுது, எது நம்மளுதுன்னு தெரியலயே சார்.”

“எக்ஸ்ரே ஆளுக்குப் போன் பண்ணியாச்சு மேடம். காலையில வந்து மறுபடி ஏத்திடுவார். இனிமே ஆப்டுல போடச் சொல்லிடலாம்.”

என் பேச்சு அவர் காதில் விழவில்லை. “தெரியலயே, தெரியலயே” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை தப்பாகத் தட்டினார், அதுவரை அவர் தப்பாகத் தட்டி நான் பார்த்ததில்லை. அடிபட்டவரை நினைத்துத்தான் தடுமாறுகிறார் என்று எண்ணினேன். ஆனால் அந்த ஆளுக்கு எலும்பு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், நன்றாக இருக்கிறார் என்று தகவல் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் மேற்கே மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் ரத்த மாதிரி எடுக்கும் மையம் ஒன்று திறந்தார்கள். அங்கேயும் எங்கள் சாஃப்ட்வேரை ஏற்ற மேடமும் நானும் போனோம். வளைவு வளைவாக ஏறிய பஸ்ஸில் அவர் ஆளே மாறிவிட்டார். வரகுக்கொல்லை, சாமைக்கொல்லை என்று காட்டிக்கொண்டே வந்தார். அவர் அந்த மலையில் பிறந்தவர், அங்கேயே விடுதிப் பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்குக்காகக் கீழே இறங்கியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வேலை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், சாப்பிட்டுப் போகலாம் என்று பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அவர் அம்மா மட்டும்தான். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ. மேடம், இன்னும் இளமையாக. பக்கத்தில் சுருட்டை முடியோடு ஓர் ஆள். அவருடைய வலது காது மடல் கீழே கிழிந்து இரண்டாகத் தொங்கியது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“என் வூட்டுக்காரரு. டவர் கம்பி கிழிச்ச காது அது.”

“செல்போன் டவரு வைக்க வந்தவரு” என்றார் அம்மா. “கீழ்நாட்டு ஆளு. இங்கயே இருந்துக்கினாரு. நல்ல மனுசன்தான்.”

“இப்ப எங்க இருக்கார்?”

அம்மா எழுந்து குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேடம்தான் சொன்னார். “ஒரு நா காலைல கள்ளக்குறிச்சி போயாறேன்னு பஸ் ஏறனாரு. வரல. போலீஸ்ல எழுதிக் குடுத்தோம், தேடனோம். ஒண்ணும் தெரியல.”

“ஏதாவது சண்டையா?”

“அதான் சார் இல்ல. சண்ட போட்டிருந்தா கோவத்துல போனாருன்னு இருந்திருப்பன்.”

கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

“வரும்போது ஒரே ஒரு பையோட வந்தாரு. போவும்போது வெறுங்கையோட போனாரு. அந்தப் பைய அப்டியே ஒரு மூலைல வெச்சிருந்தா, ஒரு நா கொண்டுபோயி ஆத்துல வுட்டுட்டு என் வேலயப் பாத்திருப்பன். நாங்கதான் பிரிச்சி எல்லாத்தோடயும் சேத்துட்டோம். அவரு சட்ட எங்கப்பா போட்டுக்கினாரு, எங்கப்பா போர்வய அவரு போத்திக்கினாரு. இப்ப எங்கப்பாவும் இல்ல. கொல்லைல ஒரு கொடுவா கெடக்குது. அது அவரு கொண்டாந்ததா, எங்கப்பா வாங்கனதான்னு அம்மாவுக்கும் தெரியல. அத எடுத்து ஒரு முள்ள வெட்டனாகூட, அந்த ஆளு பக்கத்துல நின்னுக்கினு பாக்கற மாதிரி இருக்குது சார். எதத் தூக்கிப் போடறது? எது அவரு, எது நாங்கன்னே தெரியல.”

நான் தண்ணீர் குடித்தேன். கையிலிருந்த சொம்பைப் பார்த்தேன். இது யாருடையதாக இருக்கும் என்று நினைப்பு ஓடியது. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அந்த நினைப்பு வரும் என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்கடுத்த கோடையில் ஒருநாள் நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

“சார், ஒங்களுக்கு வண்டி இருக்குதா இன்னிக்கி?”

கம்பெனி பைக்கில்தான் வந்திருந்தேன்.

“திருக்கோவிலூரு வரைக்கும் போவணும்.”

தென்பெண்ணை ஆற்றுப் பக்கம், ஆதரவற்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று. ஆற்றங்கரையில் காய்ச்சலோடு கிடந்த ஒருவரைக் கொஞ்ச நாள் முன்பு கொண்டுவந்திருக்கிறார்கள். பெயர் ஊர் எதுவும் சொல்லவில்லை. காய்ச்சலில் பிதற்றும்போது மட்டும் மலையில் உள்ள மேடத்தின் ஊர்ப் பெயரைச் சொன்னாராம். பழைய புகாரை வைத்து மேடத்தைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

இல்லத்தின் காப்பாளர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். புங்கமரத்தடியில் ஓர் ஆள் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தாலும் சுருட்டை போகவில்லை. வலது காது மடல் கீழே இரண்டாகப் பிளந்திருந்தது.

அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த கடலையை எடுத்தார்.

மேடம் நின்றுகொண்டே இருந்தார். அருகே போகவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளவில்லை, அழவில்லை. ஸ்கிரிப்டை வரிவரியாகப் படிப்பாரே, அப்படி அந்த ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடலை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இவரு இல்லீங்க” என்றார்.

காப்பாளருக்குத் திகைப்பு. “நல்லாப் பாத்துச் சொல்லும்மா. நீ போன்ல சொன்ன மாதிரியே காது இருக்குதே?”

“இல்லீங்க. எனக்கு இவரத் தெரியாது.”

ஆபீஸில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், அந்தப் போட்டோல...”

“ஒங்க புது வெர்ஷன் எப்ப சார் வருது?” என்றார். “ஏத்தறதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட்ட அனுப்பி வைங்க.”

மஞ்சள் கயிறு கழுத்தில் அப்படியே இருந்தது. அடுத்த முறை போனபோதும் இருந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் உட்கார எனக்கு முன்போல் முடியவில்லை. கொக்கிகளில் தொங்கும் பைகளுக்குக் கீழே அவர் அமைதியாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் புங்கமரத்தடிதான் ஞாபகம் வரும். ராத்திரியில் படுத்தால் அந்தக் காது வரும். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று இருக்கும். இல்லை, நான் சரியாகத்தான் பார்த்தேன் என்றும் இருக்கும். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் பயமாக இருந்தது.

அந்த வருடக் கடைசியில் மேடம் கீழே சர்வர் அறை வேலையை விட்டுவிட்டார். வெள்ளிமலை மையத்தையே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கும் வேறு பக்கம் ஊர்களைக் கொடுத்துவிட்டார்கள்.

போன வருடம் திருக்கோவிலூரில் ஒரு லேபில் வேலை. முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவதாகத்தான் கிளம்பினேன். கால் ஆற்றுப் பக்கம் போனது. காப்பாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அன்னிக்கி அந்தம்மாகூட வந்தவருதான நீங்க? அது மாசாமாசம் வந்துக்கினுதான் இருக்குது.”

“யாரு?”

“அதே அம்மாதான். மலைலேர்ந்து பஸ்ஸு மாறி மாறி வருது. வேட்டி, சட்ட, சாமை, தேனு, சமயத்துல பலாப்பழம். எல்லாம் அந்தக் காது கிழிஞ்ச ஆளுக்கு. ‘ஒனக்குத்தான் அவரத் தெரியாதே, அப்பறம் இன்னாத்துக்கும்மா’ன்னு கேட்டன். ‘தெரியாதுன்னா குடுக்கக் கூடாதுங்களா’ன்னுது. உள்ள வந்து பாருன்னா வராது. ஆபீஸ்லயே குடுத்துட்டு, சாப்டறாரா தூங்கறாரான்னு கேட்டுக்கினு போய்டும்.”

“அவருக்கு நினைவு வந்துதா?”

“எங்க? யாருன்னு கேட்டா தலய ஆட்டுவாரு, அவ்ளோதான்.”

பின்பக்கம் போனேன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தார். வெளுத்த வேட்டி, நல்ல சட்டை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்றேன். பரவால்ல என்றார். சும்மா இருக்க முடியாமல், இந்தச் சட்டையெல்லாம் யார் கொண்டுவருகிறார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

“அன்னிக்கி ஒங்ககூட வந்தாங்களே, அவங்கதான?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலில் தடுமாற்றமே இல்லை. தெளிவாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“அவங்கள ஒங்களுக்குத் தெரியுமா?”

காப்பாளர் இருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அவங்க என்னத் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க சார்.”

“நீங்க...”

“நான் பண்ணதுக்கு அவங்க அவ்ளோதான் சொன்னாங்க. அது அப்டியே இருக்கட்டும் சார். நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்காதீங்க.”

அவரிடம் கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. அன்று காலை பஸ் ஏறி எங்கே போனார், ஏன் திரும்பவில்லை, இத்தனை வருடம் எங்கே இருந்தார். எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நாலடி நடந்திருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார், மலைல மழ பேயுதா?”

நான் மலைக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

“பேயுது” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார், முகத்தை மலை இருக்கும் மேற்குப் பக்கம் திருப்பி.